பெரிய குளிசை

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஆடி மாதம் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் இஸ்தோப்பில் படுத்தார்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு வீடு என்பது ஒரு காம்பரா, அதற்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு. காம்பராவுக்குள் அடுப்பு, பாய், தகரப் பெட்டி, பிள்ளைகள். இஸ்தோப்பில் விறகு, கொழுந்துக் கூடை, ஆடு. தென்மேற்கு மழை மலையைப் பிடித்துக்கொண்டால் இஸ்தோப்பில் பாதி நனைந்துவிடும். நனையாத பாதியில் ஆடு நிற்கும். அங்கே ஒரு மனிதன் பாயைப் போட்டுப் படுக்கிறான் என்றால் அக்கம்பக்கத்துக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

1957ஆம் வருஷம் அந்தக் காரணம் தானாகவே வந்து சேர்ந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய காய்ச்சல் ஒன்று கோச்சியில் ஏறிக் கொட்டகலை ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். படித்தவர்கள் அதை ஆசியக் காய்ச்சல் என்றார்கள். தோட்டத்தில் அதற்குக் கப்பல் காய்ச்சல் என்று பேர். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஒரு லயத்து ஆள் மறு லயத்துக்குப் போகக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். ஆடித் திருவிழா தள்ளிப்போனது. "புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிடும், அதான் வெளிய படுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, காய்ச்சல் வந்தவனும் வராதவனும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தார்கள்.

நல்லமுத்துவும் அப்படித்தான் சொன்னான். அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்தும் வேலை. கை கால் உரமாக இருந்தது, காய்ச்சல் அவனை எட்டியும் பார்க்கவில்லை. இது அவனுக்குத் தெரியும், அவன் மனைவி பூரணிக்குத் தெரியும், ஆட்டுக்குத் தெரியும். அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவுக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் பூரணியின் பயம். லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியே புகையும் கருவாட்டு வாசனையும் பேச்சும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பூரணி அடுப்பில் கோதுமை றொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நல்லமுத்து அம்மியில் மிளகாய்க் கட்டச்சம்பல் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் அடுப்பைச் சுற்றித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது ஏணைத் தொட்டிலில் தூங்கியது.

"இருமுங்க," என்றாள் பூரணி மெதுவாக.

"என்னாத்துக்கு?"

"நேத்துப் பூரா நீங்க இருமல. அம்மாக்கண்ணு அக்கா தண்ணி புடிக்கிற பீலிக்கரையில வச்சுக் கேட்டாங்க, காய்ச்சல் விட்டுருச்சா, பின்ன ஏன் இன்னும் ஆட்டோட படுத்திருக்காருன்னு."

நல்லமுத்து இருமினான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது. "அந்த இருமல் சரியில்லியே கொழுந்தனாரே. தொண்டையிலேருந்து வருது. நெஞ்சுலேருந்து வரணும்."

"மழை சத்தத்துல ஒங்களுக்கு அப்புடிக் கேக்குது மதினி."

"மழை சத்தத்துலயும் கேக்குதுல்ல? அதான் சொல்றேன்."

அம்மாக்கண்ணு புருஷனைப் பறிகொடுத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. கொழுந்து பறிப்பதில் முதல் ஆள், பேச்சிலும் அப்படித்தான். பூரணி தலையில் அடித்துக்கொண்டு றொட்டியைப் புரட்டிப் போட்டாள். அதற்குப் பிறகு புருஷனும் மனைவியும் பேசியது கிசுகிசுப்பாக இருந்தது.

"அது வந்துருச்சா?" என்றான் நல்லமுத்து.

"எது?"

"அதான். மருத்துவச்சியம்மா குடுக்குறது."

"அவங்களே காய்ச்சல்ல நுவரெலியா ஆசுபத்திரியில கெடக்குறாங்க. எங்கேருந்து வரும்?"

"பத்தொம்பது நாளாச்சு பூரணி."

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

"ஆடு எண்ணுது. அது நிக்கிற எடத்துல நான் படுத்திருக்கேன்ல."

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற விஷயமில்லை அது என்று இருவருக்கும் தெரியும்.

போன ஐப்பசியில் ஐந்தாவது பிள்ளை பிறந்தபோது பூரணிக்கு இரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி சண்முகவடிவு இரண்டு கம்பளியைச் சுற்றி, கொழுந்து லொறியை மறித்து, கொழுந்துச் சாக்குகளின் மேலேயே அவளைக் கிடத்திக் கொண்டுபோனாள். நல்லமுத்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் கொழுந்து வாசனை. சாக்கு நனைந்துகொண்டே வந்தது. பிழைத்தாள். ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருஷத்துக்குள் இன்னொன்று தங்கினால் தான் உத்தரவாதமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியனுப்பினார்.

சண்முகவடிவு இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். ஒரு சதக் காசைவிடச் சற்றுச் சிறிதான, தடித்த வெள்ளைக் குளிசைகளை ஒரு டின்னில் போட்டுக் கொடுத்தாள். டவுன் கிளினிக்கில் வாங்கி வந்தவை. சேர்வதற்கு முன் பெண் ஒன்றைத் தண்ணீரில் தொட்டு உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். அது கரைந்து நுரைக்கும். அந்த நுரைதான் காவல். "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா ஒன்னுமில்லாம இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்," என்றாள் சண்முகவடிவு. "இது இல்லாம கிட்ட நெருங்கினீங்கன்னா, அந்த லொறிய இன்னொரு தடவ மறிக்க என்கிட்ட தெம்பு இல்ல."

டின் தீர்ந்து பத்தொன்பது நாள்.

"நீங்கதான் போய் மருந்துச்சாலை டாக்டரய்யாகிட்ட கேக்கணும்," என்றாள் பூரணி.

"அவரு ஆம்பளையாச்சே!"

"நீங்க யாரு?"

"அதில்ல புள்ள... அவரு வேதக்காரரு வேற. என்னான்னு கேக்குறது?"

"அப்ப நான் போய்க் கேக்கவா? காய்ச்சக்காரங்க வரிசையில நின்னுக்கிட்டு?"

நல்லமுத்து சம்பலை அள்ளிப் பிள்ளைகளின் தட்டில் வைத்தான். பிறகு, "விடியக்காத்தால போறேன். பெரட்டுக்கு முந்தி. ஆள் வாரதுக்குள்ள," என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு பெரிதாகத் தும்மினாள்.

*

தோட்டத்து மருந்துச்சாலை பெரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. விடியற்காலையில் ஆட்கள் கூடி, பேர் கொடுத்து, எந்த மலையில் வேலை என்று தெரிந்துகொண்டு கலையும் இடம் பெரட்டுக்களம். காய்ச்சல் வந்ததிலிருந்து அங்கே இன்னொரு சடங்கும் சேர்ந்திருந்தது. பேர் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு காய்ச்சல் குளிசையை வாங்கி, அங்கேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மலைக்குப் போகவேண்டும். குளிசையை மடியில் ஒளித்துக்கொண்டு போய்ச் சீக்குக் கோழிக்குக் கரைத்து ஊற்றியவர்களும், ஊருக்குத் தபாலில் அனுப்பியவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இந்த ஏற்பாடு. வாயைப் பரிசோதிப்பவர் பெரிய கங்காணி சோலைமலை.

நல்லமுத்து போனபோது டாக்டரய்யா கஸ்பர் லாம்பு வெளிச்சத்தில் அன்றைய குளிசைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர்தான் என்றாலும் தோட்டத்துக்கு அவர் டாக்டரய்யா. முப்பது வயதிருக்கும். சுவரில் மாதாவின் படம், அதன் கீழே ஒரு மெழுகுவர்த்தி. நல்ல மனிதர். வெட்கம் ஜாஸ்தி. பெண்கள் இடுப்பு வலி என்று வந்தாலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுப்பார்.

"என்னா நல்லமுத்து, காய்ச்சலா?"

"இல்லீங்க."

"இருமலா?"

"இருமுறேனுங்க. ஆனா இருமல் இல்லீங்க."

கஸ்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்ல குளிச முடிஞ்சுபோச்சுங்க," என்றான் நல்லமுத்து.

"வீட்டுக்கு எவன் குளிச குடுத்தது? பெரட்டுலதான் முழுங்கணும்."

"இது அதில்லீங்க. மருத்துவச்சியம்மா குடுக்குறது. வராம இருக்க."

"காய்ச்சல் வராம இருக்கவா?"

"இல்லீங்க."

"பின்ன என்ன வராம இருக்க?"

நல்லமுத்து ஏணையைத் தொங்கவிட்டது போலக் கையால் காட்டி ஆட்டினான். கஸ்பருக்கு அது விளங்கியதும் முகம் சிவந்தது. உடனே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, பனிமூட்டம்தான்.

"நல்லமுத்து, நான் கோயிலுக்குப் போறவன். எங்க சபையில இதெல்லாம் ஒத்துக்கமாட்டாங்க. நான் அத என் கையால தொடவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்."

"ஐயா, அவளுக்கு இன்னொன்னு தங்குச்சின்னா..."

"தெரியும்." அன்றைக்கு லொறியில் பூரணியின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே போனவர் அவர்தான். "அந்தப் பச்சை அலுமாரி மருத்துவச்சியம்மாவோடது. சாவி ஆணியில தொங்குது. அதுக்குள்ள ஒங்க வீட்டுப் பேருக்கு அவங்க என்ன வச்சிருக்காங்க, எவ்வளவு வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாது. நான் இப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நல்லமுத்து சாவியை எடுத்தான். போத்தலில் பன்னிரண்டு குளிசைகள் மிச்சமிருந்தன.

"எடுத்தாச்சுங்க. சுத்துறதுக்குக் கடுதாசி..."

"மேசை மேல இருக்கும். நான் பாக்கல."

மேசைமேல் இருந்தது காய்ச்சல் குளிசை மடிக்கும் பழுப்புக் கடதாசி. அதில் மடித்து, வேட்டி மடியில் செருகி, அதன்மேல் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நல்லமுத்து வெளியே வந்தான். அதற்குள் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு அடித்தாகிவிட்டது. லயத்துக்கு ஓடிப்போய் வைத்துவிட்டு வர நேரமில்லை. பிந்தி வந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அப்படியே பெரட்டுக்களத்தில் போய் நின்றான்.

*

சோலைமலைக் கங்காணிக்கு ஒரு மனக்குறை இருந்தது. காய்ச்சல் குளிசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தது. சுண்டு விரல் நகத்தளவு. தினமும் காலையில் கஸ்பரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவர் இருக்கமாட்டார்.

"ஏன் டாக்டரய்யா, எனக்கும் இதே குளிச, முள்ளால மண்ணக் குத்துறவனுக்கும் இதே குளிசயா?"

"காய்ச்சலுக்கு எல்லாரும் ஒன்னுதான் கங்காணி."

"காய்ச்சலுக்குத் தெரியாட்டி நீங்க சொல்லணும். தொரைக்கும் இதத்தான் குடுக்குறீங்களா?"

"தொரைக்கும் இதேதான்."

கங்காணி நம்பவில்லை. மேல்கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட தடி, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. இவ்வளவும் இருந்து குளிசை மட்டும் சின்னதாக இருந்தால் மனசு எப்படி ஒப்பும்? எங்கேயோ ஒரு பெரிய குளிசை இருக்கிறது, யாருக்கோ போகிறது என்று அவர் உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தூறல். ஆண்கள் ஒரு பக்கம், கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஒரு பக்கம். கஸ்பர் ஒவ்வொருவர் கையிலும் குளிசை வைத்துக்கொண்டே வந்தார். பின்னால் கங்காணி. "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. ம், போ."

நல்லமுத்துவின் முறை வந்தது. பெரியவர்கள் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் குனிந்து வாங்கினான். மடி நெகிழ்ந்தது. பழுப்புப் பொட்டலம் கஸ்பரின் சப்பாத்துப் பக்கத்தில் விழுந்தது.

கஸ்பர் சட்டென்று மலையைப் பார்த்தார்.

கங்காணி தடியால் பொட்டலத்தை அழுத்திக்கொண்டு குனிந்து எடுத்தார். பிரித்தார். அவர் கண்கள் விரிந்தன.

"பாத்தீங்களா! பாத்தீங்களா டாக்டரய்யா! பெரிய குளிச!"

"ஐயா, அதக் குடுத்துருங்க," என்றான் நல்லமுத்து.

"எங்கேருந்து திருடினே?"

"திருடலீங்க."

"அப்ப டாக்டரய்யா குடுத்தாரா?"

"நான் குடுக்கல," என்றார் கஸ்பர், மலையைப் பார்த்தபடியே. "ஆனா அவன் திருடல."

"குடுக்கவுமில்ல, திருடவுமில்ல. அப்ப தேயிலச் செடியில காய்ச்சுச்சா?" கங்காணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன், பெரிய குளிச ஒன்னு இருக்குன்னு. எனக்குச் சுண்டுவெரல் நகமாட்டம் ஒன்னு. கவ்வாத்துக்காரன் மடியில பன்னண்டு!"

"அது ஒங்களுக்கு ஆகாதுங்க ஐயா!"

"எனக்கு ஆகாதா? ஒனக்கு ஆகும், எனக்கு ஆகாதா?"

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். விழுங்க முடியாத தடிப்பு. கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தார்.

முதலில் மீசை அசைந்தது. அப்புறம் கன்னம் இரண்டும் உப்பின. கங்காணி வாயை மூடிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், முடியவில்லை. மீசையின் இரண்டு நுனிகளிலிருந்தும் வெள்ளையாய் நுரை எட்டிப்பார்த்தது. வாயைத் திறந்தார். பால் பொங்கி வழிகிற மாதிரி நுரை பொங்கி, தாடையில் வழிந்து, மேல்கோட்டின் பித்தான்களின்மேல் விழுந்தது.

"ஐயோ, கப்பல் காய்ச்சல் முத்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். வரிசை கலைந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் ஓடினார்கள். ராசம்மா என்கிற கிழவிக்கு மட்டும் வேறு விதமாகத் தோன்றியது. பெரிய கங்காணிக்கு முனியாண்டி இறங்கிவிட்டார் என்று குலவையிட்டாள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் குலவையிட்டார்கள். கங்காணியின் மைத்துனன் பாய்ந்துவந்து நல்லமுத்துவின் சட்டையைப் பிடித்தான்.

"டேய், மாமனுக்கு என்னடா குடுத்தே? வெசமா?"

"நான் குடுக்கலீங்க, அவராத்தான்..."

"தோட்டத்துக் கண்டாக்கையாவக் கூப்புடுங்க! பொலீசக் கூப்புடுங்க!"

கங்காணி தடியை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். நுரையை வழித்து வழித்துக் கையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே அவர் நம்பினார் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. கஸ்பர் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், கூடையோடு நின்ற பெண்களைப் பார்ப்பதும், வாயை மூடிக்கொள்வதுமாக இருந்தார்.

அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து பூரணி கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் வந்தாள்.

"அவர விடுங்க," என்றாள் மைத்துனனிடம். பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள். "பயப்படாதீங்க ஐயா. அது வெசமில்ல. வாயில போடுற குளிசயும் இல்ல."

"பின்ன எதுல போடுறது?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது.

பூரணியின் முகம் கன்றியது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

"புருஷன் பொண்டாட்டி சேர்றதுக்கு முந்திப் பொம்பள உள்ள வச்சுக்கிற குளிச. நுரச்சுப் புள்ள தங்காம காக்கும். மருத்துவச்சியம்மா எனக்காக வச்சுட்டுப் போனது. போன ஐப்பசியில நான் இந்தக் களத்து வழியாத்தான் லொறியில போனேன், எல்லாரும் பாத்தீங்க. இன்னொன்னு தங்குனா நான் பொழைக்கமாட்டேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க வூட்டுக்காரரு பத்தொம்பது நாளா இஸ்தோப்புல ஆட்டோட படுக்குறாரே, அவருக்குக் காய்ச்சலுமில்ல இருமலுமில்ல. என்னையச் சாகக் குடுக்க மனசில்லாமத்தான் அங்க படுக்குறாரு. அவரு வெக்கத்த விட்டுப் போய் வாங்கிட்டு வந்த குளிசயத்தான் நீங்க மென்னுட்டீங்க."

நல்லமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாக்கண்ணுதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப ஒன்னும் பாதகமில்ல. எழும்புங்க கங்காணியாரே. இனிமே ஒங்களுக்குப் புள்ள தங்காது, அம்புட்டுத்தான்."

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்றாள். அது பரவியது. கூடைகள் குலுங்கின. ஆண்கள் பக்கமும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் கங்காணியின் மைத்துனனே நல்லமுத்துவின் சட்டையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாசமாக இருமலைத் தவிர வேறு சத்தம் கேட்காத பெரட்டுக்களம் அது.

கஸ்பர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். "கொப்பளிங்க கங்காணி. சோடா உப்பு நுரைக்கிற மாதிரித்தான். வாய் கொஞ்சம் எரியும். உயிருக்கு ஒன்னுமில்ல." இதைச் சொல்லும்போது அவர் மலையைப் பார்க்கவில்லை.

பூரணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி கைநழுவவிட்ட பொட்டலம் மழைத்தண்ணீர் தேங்கிய குழியில் கிடந்தது. பதினொரு குளிசைகளும் அங்கே நுரைத்து முடித்திருந்தன.

*

அன்று சாயங்காலம் நல்லமுத்து தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான். பூரணி ஒரு கம்பளியைக் கூடுதலாகக் கொண்டுவந்து போட்டாள்.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். கோவமா?"

"நான் சொல்லியிருக்கணும். வாயே வரல," என்றான். கொஞ்சம் கழித்து, "ஆட்டையும் சேத்துச் சொன்னியே, அதுதான்..." என்றான்.

"அது உண்மைதானே."

"இனி இருமத் தேவையில்ல கொழுந்தனாரே," என்றது சுவரின் மேல் இடைவெளி. "நிம்மதியாத் தூங்குங்க."

மறுநாள் பூரணி குழந்தைக்கு மேலுக்குச் சுகமில்லை என்று மலைக்குப் போகாமல் இருந்தாள். உண்மையில் யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை. பத்து மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. பெரிய கங்காணியின் மனைவி லெட்சுமி. கங்காணி வீட்டு அம்மா லயத்துக்கு வருவதே அபூர்வம். கையில் கருப்பட்டிப் பொட்டலம், இடுப்பில் எட்டாவது குழந்தை. பூரணி சட்டென்று எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நாங்க வேணும்னு செய்யல."

"அது கெடக்கட்டும்." லெட்சுமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேலே சுவர் இடைவெளியைப் பார்த்தாள். "அவ இருக்காளா?"

"அம்மாக்கண்ணு அக்கா மலைக்குப் போயிட்டாங்க."

லெட்சுமி பலகையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டாள்.

"அந்தக் குளிச... உள்ள எரியுமா?"

பூரணி அவளைப் பார்த்தாள். "லேசா சூடா இருக்கும்மா. அம்புட்டுத்தான்."

"எத்தன நேரம் பொறுக்கணும்?"

"ஒரு வெத்தல போடுற நேரம்."

"அவருக்குத் தெரியுமா? ஆம்பளைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நல்லதும்மா. பொறுத்திருக்கணும்ல."

"எங்க வூட்டுக்காரருக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுமே!" என்று சொல்லிவிட்டு லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. "எட்டுப் புள்ள. மூணு மண்ணுக்குள்ள. காய்ச்சல்னு சாக்குச் சொல்லி இந்த மாசம்தான் அவர வெளிய படுக்கவச்சிருக்கேன். இந்தக் காய்ச்சல் போயிட்டா என்னா செய்யிறதுன்னு கவலையா இருந்திச்சு புள்ள."

எழுந்து போகும்போது கேட்டாள். "ஒன் குளிச எல்லாம் சேத்துல போயிருச்சாமே. எங்க கெடைக்கும்?"

"மருத்துவச்சியம்மாகிட்டதான். நுவரெலியாவுல."

"அப்ப அவரே போவாரு. கெடுத்தது அவருதானே."

வியாழக்கிழமை காய்ச்சல் மருந்து எடுக்க லொறி நுவரெலியாவுக்குப் போனது. துணைக்குப் பெரிய கங்காணியே போகிறார் என்றதும் எல்லாருக்கும் ஆச்சரியம். வீட்டில் நடந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக அவர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மைத்துனன் சொன்னான்.

லொறி வெள்ளிக்கிழமை மத்தியானம் மழையோடு திரும்பியது. நல்லமுத்து காம்பராவின் முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். கங்காணி குடையோடு வந்து நின்றார். மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"டேய், இந்தா." மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். "ஆசுபத்திரி ஜன்னல் வழியாப் பேசினேன். அந்த அம்மா சிரிச்ச சிரிப்புல நர்சு ஓடி வந்துட்டா. அப்புறம் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் குடுத்துச்சு. ஒன் சம்சாரம் வச்சுக்கிட்டு, வேணுங்கிற பொம்பளைங்களுக்குக் குடுக்கட்டுமாம். எப்புடின்னு சொல்லிக் குடுக்கணுமாம். பொறுக்கிற நேரத்த வலியுறுத்திச் சொல்லணுமாம்."

"சரிங்க ஐயா."

"ஆம்பளைங்களுக்கும் ரப்பர் உறை கொஞ்சம் குடுத்திருக்கு. பொம்பளைங்களே எல்லாப் பாரத்தையும் சொமக்கணுமான்னு கேட்டுச்சு." கங்காணி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "இத வாயில போடுறதில்லன்னு எனக்கே தெரியும். நீ சொல்ல வேணாம்."

நல்லமுத்து இரண்டு கைகளாலும் டின்னை வாங்கினான்.

"கெட்டியாப் புடி!" என்று கங்காணி பதறினார். "இன்னொரு தடவ பெரட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தே, பேர் போடமாட்டேன்."

போகத் திரும்பியவர் நின்றார். "எங்க வூட்டுப் பங்கு உள்ளேயே இருக்கு. லெட்சுமி வருவா. என்னையப் பாத்து யாரும் சிரிக்கக்கூடாது."

"யாரு சிரிக்கப்போறா கங்காணியாரே," என்றாள் அம்மாக்கண்ணு, தன் இஸ்தோப்பிலிருந்து.

அன்று சாயங்காலம் நல்லமுத்துவின் பாய் உள்ளே போனது. ஆடு இஸ்தோப்பின் நனையாத பாதி முழுவதையும் எடுத்துக்கொண்டது. மறுநாள் எதிர் லயத்தில் ஒரு பாய் உள்ளே போனது. அடுத்த வாரம் மேல் லயத்தில் மூன்று. பெரிய கங்காணி வீட்டு முன்விறாந்தையில் கிடந்த கன்வஸ் கட்டிலையும் மடித்து வைத்துவிட்டார்கள். பீலிக்கரையில் பெண்கள் பூரணியைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். காய்ச்சல் இன்னும் போகவில்லை. பெரட்டில் குளிசை நடந்துகொண்டுதான் இருந்தது. சோலைமலைக் கங்காணி முதல் ஆளாகச் சின்னக் குளிசையைக் கேட்டு வாங்கி, கையில் புரட்டிப் பார்த்து, விழுங்கி, தானே வாயைத் திறந்து காட்டினார்.

மாசக் கடைசியில் கஸ்பர் துரைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். குழந்தைகளின் காய்ச்சல், பெண்களின் காய்ச்சல் எல்லாம் எழுதி முடித்தார். ஆண்களுக்கு வந்தபோது, இருமல் பாதிக்குமேல் குறைந்திருந்தது. குளிரில் படுக்காவிட்டால் குறையத்தானே செய்யும். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு பச்சை அலுமாரியைப் பார்த்தார், மாதாவின் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை கொட்டோகொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

'மழை விட்டதே காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நனைந்துகொண்டே கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாதரிடம் மழையைப் பற்றி மட்டும் சொன்னார்.